கறுப்புக் கயிறு இருக்கட்டும், மற்றதைக் கழற்றிவிடுங்கள்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. நான் பீடி சுற்றுகிறேன். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். நாலரை வயதில் மகன், ஒன்றேகால் வயதில் மகள். ஐந்து வாரத்துக்கு முன்னால் மகனைப் பால்வாடியிலிருந்து கூட்டிக்கொண்டு வரும்போது, முச்சந்தி டீக்கடை முன்னால் எங்களுக்குத் தெரிந்த ஒருவரை நான்கு பேர் வெட்டிக் கொன்றார்கள். பையன் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அன்று முதல் இரவில் படுக்கையை நனைக்கிறான். அந்தப் பழக்கம் நின்று ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. டீக்கடை வழியே வர மாட்டேன் என்கிறான். விளக்குமாற்றுக் குச்சியை எடுத்து, தங்கையின் பொம்மையை வெட்டுவதுதான் தினமும் விளையாட்டு. “அந்த மாமாவுக்கு இரத்தம் நின்றுவிட்டதா?” என்று கேட்கிறான், நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். சின்னப் பிள்ளை, மறந்துவிடுவான் என்கிறார் மாமியார். பள்ளிவாசலில் மந்திரித்துக் கறுப்புக் கயிறு கட்டியிருக்கிறார். என் அண்ணன் வந்து, இரண்டு நிறம் கலந்த கயிறு ஒன்றையும் கட்டிவிட்டுப் போனார். போலீஸ் ஜீப் இன்னும் தெருவில் நிற்கிறது. இவன் மறந்துவிடுவானா? பெரியவனாகி இவனும் அரிவாள் தூக்குவானா? சாட்சி சொல்லக் கூப்பிடுவார்களா? எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் என்னிடம் நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மகன் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறான். முதலில் பதில் வேண்டியது அவனுடைய கேள்விக்குத்தான்.

சாவு என்றால் எல்லாம் முடிந்தது என்பது நாலரை வயதில் விளங்காது. ஊருக்குப் போனவர் திரும்பி வருவதைப்போலச் செத்தவரும் வருவார், அதுவரை அவருக்குப் பசிக்கும், குளிரும், வலிக்கும் என்றுதான் அந்த வயது நினைக்கும். உங்கள் மகனின் கணக்கில் அந்த மனிதர் ஐந்து வாரமாக டீக்கடை முன்னால் இரத்தம் ஒழுகக் கிடக்கிறார். அந்த வழியே வர மாட்டேன் என்று அவன் அடம்பிடிப்பதில் என்ன ஆச்சரியம்? நீங்கள் பேச்சை மாற்றும்போது, இது அம்மாவிடம்கூடக் கேட்கக் கூடாத விஷயம் என்று அவன் தெரிந்துகொள்கிறான். சில நாளில் கேட்பதை நிறுத்திவிடுவான். நினைப்பதை நிறுத்த மாட்டான்.

விடை கிடைக்காத இடத்தில் குழந்தை தானாகவே ஒரு விடையைச் செய்துகொள்ளும். அதில் பல நேரம் குற்றவாளி அந்தக் குழந்தையேதான். என்னிடம் வந்த ஐந்து வயதுப் பெண் ஒருத்தி, தன் தெருவில் நடந்த வெட்டுக்குத் தானே காரணம் என்று இரண்டு மாதம் நம்பிக்கொண்டிருந்தாள். அன்று காலை அவள் சாப்பிட மறுத்தபோது, “சாப்பிடாவிட்டால் அரிவாள்காரன் வருவான்” என்று ஆச்சி சொல்லியிருக்கிறார். மாலையில் அரிவாள்காரன் வந்துவிட்டான். நம் வீடுகளில் பூச்சாண்டி காட்டிச் சோறு ஊட்டுவது இப்படியும் முடியும். உங்கள் வீட்டிலும் “போலீஸ் பிடித்துக்கொண்டு போகும்” என்ற மிரட்டல் இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். அந்த ஜீப் தங்களுக்குக் காவலாக நிற்கிறதா, தன்னைப் பிடிக்க நிற்கிறதா என்பது அவனுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும்.

ஆகவே பதில் சொல்லுங்கள். பகலில், மடியில் உட்கார வைத்துக்கொண்டு சொல்லுங்கள். படுக்கப்போகும் நேரம் வேண்டாம். “அந்த மாமா செத்துப்போய்விட்டார். இரத்தம் அன்றைக்கே நின்றுவிட்டது. இனி அவருக்கு வலிக்காது. சில பெரியவர்கள் செய்யக் கூடாத காரியத்தைச் செய்துவிட்டார்கள். நீ எந்தத் தப்பும் செய்யவில்லை. உன்னையும் பாப்பாவையும் நான் பார்த்துக்கொள்வேன்.” இவ்வளவு போதும். சாமியிடம் போய்விட்டார் என்று சேர்த்துக்கொள்வது உங்கள் விருப்பம். தூங்குகிறார் என்று மட்டும் சொல்லாதீர்கள், அப்புறம் அவன் தூங்கப் பயப்படுவான். இனி இப்படி நடக்கவே நடக்காது என்ற வாக்குறுதியும் வேண்டாம், அது நம் கையில் இல்லை. அவன் நாளைக்கும் கேட்பான், பத்து முறை கேட்பான். பத்து முறையும் அதே பதிலை அதே சொற்களில் சொல்லுங்கள். அவன் உங்களைச் சோதிப்பதாக எண்ண வேண்டாம், பதில் மாறாமல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிறான்.

மறந்துவிடுவானா என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பதினைந்து வயதில் கேட்டால் அன்று நடந்ததை அவனால் கோவையாகச் சொல்ல முடியாமல் போகலாம். ஆனால் உடம்பு அதைத் தனிக்கணக்கில் வைத்துக்கொள்ளும். அபாயம் என்றதும் எல்லோர் உடம்பிலும் ஒரு மணி அடிக்கிறது, ஆபத்து விலகியதும் நின்றுவிடுகிறது. சின்னக் குழந்தைக்கு அதைத் தானாக நிறுத்தத் தெரியாது, யாராவது தூக்கி அணைத்து நிறுத்திவைக்க வேண்டும். ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தால் தூக்கம் கெடும், பசி கெடும், கதவு தட்டினால் தூக்கிவாரிப்போடும், ஒரு இடத்தில் உட்கார முடியாது. கடைசியாகக் கற்றுக்கொண்டது முதலில் கைவிட்டுப் போகும். படுக்கையில் சிறுநீர் போவது அப்படித்தான். அவன் வேண்டுமென்று செய்வதில்லை. திட்டாமல், பிறரிடம் சொல்லிச் சிரிக்காமல் துணியை மாற்றிவிடுங்கள், அடக்கிக்கொள்ளும் பழக்கம் தானாகத் திரும்பி வரும்.

பொம்மையை வெட்டும் விளையாட்டைப் பார்த்துத்தான் “இவனும் அரிவாள் தூக்குவானா” என்ற பயம் உங்களுக்கு வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். 1976இல் அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சவ்சில்லா என்ற ஊரில், ஒரு பள்ளிப் பேருந்தையே கடத்தி, அதிலிருந்த 26 பிள்ளைகளையும் மண்ணுக்குள் புதைத்த லாரிப் பெட்டி ஒன்றில் அடைத்தார்கள். பிள்ளைகள் எல்லோரும் உயிரோடு தப்பினார்கள். லெனோர் டெர் என்ற மனநல மருத்துவர் அவர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தார். அந்தக் குழந்தைகள் கடத்தலையே திரும்பத் திரும்ப விளையாடியதையும், அந்த விளையாட்டில் சிரிப்போ ஆறுதலோ இல்லாததையும் அவர் எழுதிவைத்தார். சொல்லத் தெரியாததை உங்கள் மகன் குச்சியால் சொல்கிறான். குச்சியைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். “ஐயோ, பொம்மைக்கு அடிபட்டுவிட்டதே, யாரைக் கூப்பிடலாம்?” என்று கேளுங்கள். 108 ஆம்புலன்ஸ் வரட்டும், பழைய துணியைக் கிழித்துக் கட்டுப் போடுங்கள், பொம்மைக்கு ஒரு வாய் சோறு ஊட்டுங்கள். கதை ஒரு நாள் வேறு விதமாக முடிந்தால் நிம்மதி. எத்தனை முறை கூட உட்கார்ந்தாலும் அதே வெட்டு, அதே வெறித்த முகம் என்றால் வீட்டு வைத்தியம் போதாது.

சொல்லப்போனால் உங்கள் விஷயத்தில் நான் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று வாரம் என்றால் பொறுத்துப் பாருங்கள் என்பேன், ஒரு மாதம் தாண்டினால் காட்டிவிடுவது நல்லது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போங்கள். “பைத்தியத்துக்குப் பார்க்கும் இடம்” என்று தெருவில் யாராவது சொன்னால், காய்ச்சலுக்குப் போனோம் என்று சொல்லிவிடுங்கள். பொய்தான், பரவாயில்லை. இந்த வயதுக்கு மாத்திரை அநேகமாகத் தேவைப்படாது. தாயையும் பிள்ளையையும் சேர்த்து உட்கார வைத்துச் செய்யும் சிகிச்சைதான் அதிகம் பலன் தருகிறது. போக முடியாத நாளில் 14416 என்ற டெலி மனாஸ் எண் இருக்கிறது, அரசின் மனநல உதவித் தொலைபேசி அது, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

அந்த எண் உங்களுக்கும் சேர்த்துத்தான். கடிதம் முழுக்க மகனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் நீங்கள். நீங்களும் பார்த்தீர்கள். இரவில் தூக்கம் வருகிறதா, பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு எண்ணிக்கை தவறிப்போகிறதா, பையன் தூங்கிய பிறகு அழுகிறீர்களா என்று ஒரு வார்த்தை இல்லை. குழந்தை உலகத்தைத் தாயின் முகத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. நீங்கள் அழவே கூடாது என்று சொல்லவில்லை. “அம்மாவுக்கு வருத்தமாக இருக்கிறது, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்” என்று சொல்லிவிட்டு அழுதால் அவன் பயப்பட மாட்டான். உங்களுக்கென்று பேச ஒரு ஆள் வேண்டும். கணவர் இரவில் போனில் பேசும்போது வழக்கு, செலவு எல்லாவற்றையும் ஓரம் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் இதைப் பேசுங்கள்.

மகள் ஒன்றேகால் வயது. அவள் எதையும் பார்க்கவில்லை என்றாலும், தூக்கியிருக்கும் கை நடுங்குவது அவளுக்குத் தெரியும். பேசிக்கொண்டிருந்த சொற்கள் நின்றுவிட்டதா, எடை ஏறுகிறதா என்று பால்வாடியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கயிறுகளுக்கு வருகிறேன். பயிற்சி முடித்த புதிதில், மந்திரித்த கயிற்றோடு யாராவது வந்தால் கழற்றச் சொல்லி வாதாடியவள் நான். இப்போது அப்படிச் செய்வதில்லை. ஆச்சி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்துபோய், ஒரு பெரியவர் முன்னால் உட்கார வைத்து, அவர் தலையில் கை வைத்து ஓதி, “இனிப் பயமில்லை” என்று சொல்லி அனுப்புகிறார். பயந்த குழந்தைக்கு நான் எழுதித் தரும் சீட்டில் பாதி அதுதானே. சூடு போடுவது, புகை போடுவது, வேப்பிலையால் அடிப்பது என்று போகாதவரை எனக்கு அதில் சண்டை இல்லை. கறுப்புக் கயிறு இருக்கட்டும்.

உங்கள் அண்ணன் கட்டியது அப்படிப்பட்டது அல்ல. கடிதத்தில் நீங்கள் எழுதாமல் விட்ட சொல் சாதி. இந்த மாவட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருப்பவளுக்கு அந்த இரண்டு நிறம் புரியாமல் போகாது. “நம் பிள்ளை என்று தெரியட்டும்” என்றுதான் கட்டியிருப்பார், பாசத்தில்தான் செய்திருப்பார். ஆனால் அது தெரிய வேண்டியவர்களோடு தெரியக் கூடாதவர்களுக்கும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் தங்கள் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். வெட்டியவர்களில் உடன் படித்த மாணவர்களே இருந்தார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் நிறக் கயிறு கட்டி வருவதைத் தடுக்க வேண்டும் என்ற பரிந்துரை இருக்கிறது. உங்கள் மகனுக்கு நான்கு பேர் ஏன் ஒருவரை வெட்டினார்கள் என்று தெரியாது. பெரியவர்கள் சொல்லித்தரும்வரை தெரியாது. அந்தக் கயிறு பாடத்தின் முதல் வரி. அண்ணனிடம் சண்டை போட வேண்டாம். குளிப்பாட்டும்போது அவிழ்ந்துவிட்டது என்று சொல்லுங்கள். இது இன்று நான் சொல்லித்தரும் இரண்டாவது பொய்.

கொலையை அவன் ஒரு முறை பார்த்தான். அதற்குப் பிறகு அவனுக்கு அதை எத்தனை முறை காட்டியிருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். கண்காணிப்புக் கேமரா காட்சி எல்லோர் போனிலும் இருக்கும், டிவியில் சிவப்பு வட்டம் போட்டுத் திரும்பத் திரும்ப ஓடியிருக்கும். பெரியவர்களுக்கு அது பழைய காட்சி. நாலு வயதுக் குழந்தைக்கு, ஓடும் ஒவ்வொரு முறையும் இன்னொரு மாமா வெட்டுப்படுகிறார். பிறகு முச்சந்தியில் வீரவணக்கம் என்று ஆள் உயரப் பிளக்ஸ். திண்ணையில் உட்கார்ந்து யார் எத்தனை வெட்டு வெட்டினார்கள், பதிலுக்கு எப்போது என்ற பேச்சு. குழந்தை பக்கத்தில் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருப்பான், காது இங்கேதான் இருக்கும்.

இது உங்கள் மகன் ஒருவனுடைய பிரச்சினை இல்லை. சிகாகோ நகரத்துக் குழந்தைகளை வைத்து பேட்ரிக் ஷார்க்கி என்ற சமூகவியலாளர் 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அக்கம்பக்கத்தில் கொலை நடந்த ஒரு வாரத்துக்குள் சோதிக்கப்பட்ட பிள்ளைகள், சொல்லறிவிலும் வாசிப்பிலும் பின்தங்கினார்கள். கொலையை நேரில் பார்த்தவர்கள்தான் என்று இல்லை, அந்த வட்டாரத்தில் குடியிருந்தாலே போதும். 2012இல் வந்த அவரது இன்னொரு ஆய்வில், பால்வாடி வயதுப் பிள்ளைகளிடம் பார்த்தபோது கவனமும் பொறுமையும் குறைந்திருந்தன, பெற்றோரின் மனவேதனையும் ஏறியிருந்தது. உங்கள் பால்வாடியில் இன்னும் சில குழந்தைகள் எண்ணை மாற்றிச் சொல்லிக்கொண்டும் காரணமில்லாமல் அடித்துக்கொண்டும் இருப்பார்கள். டீச்சரிடம் கேட்டுப் பாருங்கள். அவரிடம் ஒரு வேண்டுகோளும் வையுங்கள். பாட்டு, சத்துமாவு, தூக்கம் எல்லாம் தினமும் அதே நேரத்தில், அதே வரிசையில் நடக்கட்டும். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்த ஒரு இடமாவது அவர்களுக்கு இருக்க வேண்டும். போலீஸ் இருக்கிறது என்று பால்வாடியைப் பூட்டிவைப்பதுதான் மிக மோசம்.

“நாங்கள் என்ன செய்ய முடியும், எல்லாம் பெரிய இடத்து விவகாரம்” என்பீர்கள். கொலம்பியாவில் காலி என்றொரு நகரம், கொலைக்குப் பேர் போனது. 1990களின் தொடக்கத்தில் அங்கே மேயராக வந்த ரொட்ரிகோ குரேரோ ஒரு மருத்துவர், நோய்கள் எப்படிப் பரவுகின்றன என்பதைப் படித்தவர். கொலைகளைக் காலராவை எண்ணுவதுபோல எண்ணச் சொன்னார்: எந்த நாள், எந்த மணி, எந்த இடம், குடித்திருந்தார்களா. வார இறுதியும், சம்பள நாளும், சாராயமும் சேரும் இரவுகள் தனியாகத் தெரிந்தன. அந்த நாட்களில் மதுக்கடை நேரத்தைக் குறைத்தார்கள், துப்பாக்கி எடுத்துவரத் தடை போட்டார்கள். தடை இருந்த நாட்களில் கொலை குறைந்தது.

உங்கள் ஊருக்கும் அப்படி ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும், யாரும் எழுதிவைப்பதில்லை. முதலாம் ஆண்டு நினைவு நாள், வழக்கு வாய்தா, கோயில் கொடை. பழி இந்த நாட்களைத்தான் தேடி வரும். உங்கள் சுய உதவிக் குழுப் பெண்கள் நான்கு பேர் சேர்ந்து அந்த நாட்களை முன்கூட்டியே இன்ஸ்பெக்டரிடம் எழுதிக் கொடுக்கலாம், பெயர் எதுவும் வேண்டாம். தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. அடுத்ததில் முச்சந்திக்கு விளக்கு, பிளக்ஸ் வைக்கத் தடை, பால்வாடிக்குப் போகும் பாதையில் உட்கார்ந்து குடிப்பதற்குத் தடை என்று தீர்மானம் கேளுங்கள். சாதியைத் தொடாத கோரிக்கைகள் என்பதால் இரண்டு தெருப் பெண்களும் கையெழுத்துப் போட முடியும். அந்தக் கையெழுத்துகள் ஒரே தாளில் வருவதே என் கணக்கில் பாதி வெற்றி. வீடியோவைப் பொறுத்தவரை கிராம சபையெல்லாம் வேண்டாம். உங்கள் போனிலிருந்து அழியுங்கள், பிள்ளைகள் இருக்கும்போது காட்டாதே என்று கொழுந்தனிடம் சொல்லுங்கள்.

அரிவாள் தூக்குவானா? ஒரு முறை பார்த்ததால் யாரும் கொலைகாரர் ஆகிவிடுவதில்லை. பார்த்த பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆசிரியராக, ஓட்டுநராக, உங்களைப் போலப் பீடி சுற்றுகிறவராக வாழ்ந்துவிட்டுப் போகிறார்கள். எனக்குப் பயம் வருவது வேறு இடத்தில். வீட்டுக்குள்ளும் அடி, தெருவிலும் வெட்டு, நம்பிப் பேச ஒரு பெரியவர் இல்லை, பதிமூன்று பதினான்கு வயதில் பைக்கில் ஏற்றிச் சுற்றி “நீ நம் ஆள்” என்று தோளில் கை போட ஒரு அண்ணன் வருகிறார் என்றால் அங்கே. அதற்கு இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது.

சாட்சி பற்றி. இத்தனை வயதுக்கு மேல்தான் சாட்சி சொல்லலாம் என்று சட்டத்தில் வரம்பு இல்லை. கேள்வியைப் புரிந்து பதில் சொல்ல முடிகிறதா என்று நீதிமன்றம் பார்க்கும். டீக்கடையில் அத்தனை பெரியவர்கள் இருந்திருக்கும்போது, நாலரை வயதுப் பிள்ளையைத் தேடி வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. வந்தாலும் 15 வயதுக்குட்பட்ட சிறுவனையோ, எந்த வயதுப் பெண்ணையோ விசாரணைக்காகக் காவல் நிலையத்துக்கு வரவழைக்கக் கூடாது, வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. உங்களுக்கும் இது பொருந்தும். யார் மிரட்டினாலும், யார் பணம் காட்டினாலும், “இப்படிச் சொல்லு” என்று பையனுக்குச் சொல்லிக்கொடுக்க விடாதீர்கள். மிரட்டல் வந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள்.

திருப்பூர். உங்களுக்கோ பிள்ளைகளுக்கோ நேரடி ஆபத்து இருந்தால் இன்றே கிளம்புங்கள், என்னைக் கேட்க வேண்டாம். இல்லையென்றால் இந்த மாதம் முடிவெடுக்காதீர்கள். பையனை மட்டும் அப்பாவிடம் அனுப்பிவைக்கும் எண்ணம் இருந்தால் அதைக் கைவிடுங்கள். இரண்டாம் உலகப் போரில் லண்டனில் குண்டு விழுந்த காலத்தில் குழந்தைகளின் மனதைப் படித்தவர்களான அன்னா ஃபிராய்டும் டோரதி பர்லிங்ஹாமும் குழந்தைகள் காப்பகம் நடத்தினார்கள். குண்டுச் சத்தத்தில் தாயோடு இருந்த குழந்தைகளைவிட, பத்திரமான ஊருக்குத் தாயைப் பிரிந்து அனுப்பப்பட்ட குழந்தைகள்தான் அதிகம் வாடினார்கள் என்று கண்டார்கள். போவதென்றால் எல்லோரும் சேர்ந்து போங்கள்.

போகும்முன் பால்வாடி டீச்சரிடம் சொல்லிவிட்டு வர அவனைக் கூட்டிப்போங்கள். டீக்கடை வழியாக முடிந்தால் நல்லது. முதல் நாள் தெருமுனை வரை, மறுநாள் புளியமரம் வரை, அதற்கு மறுநாள் உங்கள் இடுப்பில் ஏறிக்கொண்டு கடை வரை என்று பழக்கிப் பாருங்கள். அழுதால் சுற்று வழியே போங்கள், நேரம் கொஞ்சம் கூடினால் ஒன்றும் இல்லை.